ஒரே வேலியில் இரண்டு கொடி

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 1990இல் விட்டுப்போன அம்மம்மாவின் வளவைத் துப்புரவாக்க வலிகாமம் வடக்குக்கு வந்திருக்கிறீர்கள். பின்வேலிக் கிளுவையில் ஒரு கொடி படர்ந்து கிடக்கிறது. போளை அளவில் உருண்டைப் பழம், சிவப்பில் வெள்ளைக் கோடு. வெளிநாட்டில் இருக்கும் அம்மாவிடம் போனில் கேட்டால், "அது கொவ்வைதானே, நாங்கள் சின்னனில் பிடுங்கிச் சாப்பிட்டனாங்கள்" என்கிறா. இது என்ன பழம் என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் இன்னொரு வரியும் போட்டிருக்கிறீர்கள்: "மகன் நேற்றுப் பின்னேரம் ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டான்." பெயர் கேட்பதுபோல் தொடங்கினாலும் உங்கள் கேள்வி இந்தக் கடைசி வரிதான். அதனால் பெயரைப் பிறகு பார்ப்போம்.

கடித்த உடனே துப்பினான் என்றால் உள்ளே போனது சொற்பம். இந்த மாதிரிக் கொடிப் பழத்தின் கசப்பு வயிற்றைத் தாக்குவதாக இருந்தால் பெரும்பாலும் சில மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும்: சத்தி, வயிற்றுக்குத்து, வயிற்றோட்டம். ஒரு இரவு முழுக்கக் கடந்துவிட்டது. பிள்ளை இன்றைக்கு வழமைபோல் சாப்பிட்டு ஓடித்திரிகிறான் என்றால் பதற வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நான் வைத்தியன் அல்லன், செடி படிப்பித்தவன். சத்தி நிற்காமல் வந்தாலோ, அதில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை துவண்டு படுத்தாலோ 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். போகும்போது பழத்தை மட்டும் கொண்டுபோகாமல், இலையும் பழமும் ஒட்டியிருக்கும் ஒரு துண்டுக் கொடியை வெட்டிக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. என்ன செடி என்று சொல்லத் தெரிந்தால் வைத்தியருக்கு அங்கே கேட்பது சுலபம். ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டில் யாராவது உப்புத்தண்ணி பருக்கிச் சத்தி எடுக்கப் பண்ணச் சொன்னால் கேட்காதீர்கள். சின்னப் பிள்ளைக்குப் பழத்தைவிட அந்த உப்புத்தண்ணி கெடுதல்.

இனிப் பழத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் 32 வருடம் தாவரவியல் படிப்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வேலி பார்த்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கிற பழக்கம் போகவில்லை. அந்த அனுபவத்தை வைத்து, நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று பிரித்து எழுதுகிறேன்.

முதல் படத்தில் உள்ளங்கையில் மூன்று பழம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது ஐவிரலி. ஐவிரற்கொவ்வை என்றும் சொல்வார்கள். அறிவியற் பெயர் டிப்ளோசைக்ளொஸ் பல்மாட்டஸ். பூசணி, பாகல், புடோல் எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு உருண்டையான காய், பச்சையாக இருக்கும்போதே நெடுக்காக வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். பழுத்துச் சிவந்த பிறகும் அந்தக் கோடு அழியாது. நம் வேலிகளில் ஏறும் கொடிகளில் சிவந்த பிறகும் இவ்வளவு பளிச்சென்ற வெள்ளைக் கோட்டோடு, இவ்வளவு உருண்டையாக இருக்கும் வேறு பழத்தை நான் கண்டதில்லை. காம்பும் இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்குக் குட்டை. உங்கள் படத்திலும் இரண்டு பழம் ஒரே கணுவில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. கத்தியால் ஒன்றைப் பிளந்து பாருங்கள், கையைப் பிறகு கழுவிவிடுங்கள். உள்ளே இருக்கும் விதையைச் சுற்றி ஒரு வளையம் புடைத்து நிற்கும், பார்த்தால் ஆவுடையாரில் லிங்கத்தை வைத்ததுபோல இருக்கும். வட இந்தியாவில் இதற்குச் சிவலிங்கி என்று பெயர் வந்தது அந்த விதையால்தான். அந்த விதையைக் கண்டால் வாதாடுவதற்கே இடமில்லை.

இரண்டாவது படத்தில்தான் சிக்கல். தூரத்தில் நின்று வேலி முழுதையும் எடுத்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பூ, மணிபோல விரிந்து ஐந்து இதழ் நுனியோடு. ஐவிரலிக்கு இப்படிப் பூ வராது. அதன் பூ மஞ்சளும் பச்சையும் கலந்த சின்னப் பூ, தேடித்தான் காண வேண்டும். படத்தில் உள்ளது கொவ்வைப் பூ. பேய்ப்புடோலுக்கும் வெள்ளைப் பூ உண்டு, ஆனால் அதன் இதழ் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து தொங்கும். இதில் ஓரம் ஒழுங்காக இருக்கிறது. ஆகவே உங்கள் வேலியில் ஏறியிருப்பது ஒரு கொடி இல்லை, இரண்டு. அம்மா சொன்னது பிழையும் இல்லை. அவவின் வேலியில் கொவ்வை இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் மகன் கடித்தது அந்தக் கொடியின் பழத்தை அல்ல.

சந்தேகம் இருப்பது அதே படத்தில் இலைக்குள் மறைந்து தெரியும் பச்சைக் காய்களைப் பற்றி. அவை எந்தக் கொடியின் காய்? கொவ்வைக் காயிலும் பச்சையாக இருக்கும்போது வெள்ளைக் கோடு உண்டு. பழுக்கும்போது அது மறைந்து, காய் முழுக்க ஒரே சிவப்பாகிவிடும். ஆகவே பச்சைக் காயில் கோட்டைப் பார்த்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. கொவ்வை நீள்வட்டம், ஐவிரலி உருண்டை. ஆனால் தூரத்துப் படத்தில் நுனிப்பக்கம் தெரிந்தால் நீளமான காயும் உருண்டையாகத்தான் தோன்றும்.

இதில் இன்னொரு விசயம் இருக்கிறது, கனபேருக்குத் தெரியாது. பனையில் ஆணும் பெண்ணும் வேறு வேறு மரம் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொவ்வையும் அப்படித்தான். ஆண்கொடியில் பூ பூக்கும், காய் ஒருநாளும் காய்க்காது. உங்கள் படத்தில் இருக்கும் பூ ஆண்பூவா பெண்பூவா என்று அந்தக் கோணத்தில் தெரியவில்லை. பெண்பூ என்றால் இதழுக்குக் கீழே ஒரு குட்டிக் காய் ஒட்டியிருக்கும், ஆண்பூவுக்குக் கீழே வெறும் காம்புதான். உங்கள் வேலியில் இருப்பது ஆண்கொவ்வை என்றால், கொவ்வைப் பூவும் இலையும் கண்ணுக்குத் தெரிய, பழம் எல்லாம் ஐவிரலியினுடையதாக இருக்கும். பார்க்கிறவன் பூவையும் பழத்தையும் சேர்த்து, "ஓ, கொவ்வை" என்று சொல்லிவிட்டுப் போவான். கூடாத பொருத்தம் அது.

இதைச் சொல்லும் தகுதி எனக்குப் பிழைவிட்டதால் வந்தது. ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா தன் கிணற்றடி வேலியைக் காட்டி, "மாஸ்டர், உது கொவ்வைதானே?" என்று கேட்டா. மாரி முடிந்த நேரம், எல்லாம் பச்சைக் காய். ஐந்து மூலை இலையைப் பார்த்தேன், கோடு போட்ட காயைப் பார்த்தேன், ஓம் என்றேன். அவ அன்றைக்கு மத்தியானமே பிடுங்கிக் கறி வைத்திருக்கிறா. வாயில் வைத்ததும் கசந்த கசப்பில் சட்டியோடு கொட்டிவிட்டு, மாலையில் படலையடியில் நின்று சிரித்தா. நல்ல மனுசி, சிரித்தா. எனக்கு இரவு நித்திரை இல்லை. மறுநாள் போய்க் கொடியைக் கையால் பிடித்துக் கீழிருந்து மேலே பார்த்தபோதுதான் இரண்டு கொடி ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு ஏறியிருப்பது தெரிந்தது. நான் பார்த்த இலை ஒன்றின் இலை, காய் மற்றதின் காய். அதற்குப் பிறகு படிப்பித்த பிள்ளைகளுக்கு ஒரே விதிதான். காயைப் பிடித்துக்கொள், காம்பு வழியே விரலை ஓட்டிக் கொடிக்குப் போ, அந்தக் கொடியில் இருக்கும் இலையை மட்டும் பார். விரல் விட்டால் திரும்ப முதலில் இருந்து.

இலையை எவ்வளவு நம்பலாம்? ஓரளவுக்குத்தான். ஐவிரலியின் இலை பெயருக்கேற்றபடி ஐந்து விரல் விரித்த கைபோல ஆழமாகப் பிளந்திருக்கும். கொவ்வை இலை பொதுவாக வழுவழுப்பான ஐந்து மூலை இலை. ஆனால் கொவ்வை ஒரே கொடியில்கூட மாறி மாறிக் காட்டும் குணமுள்ளது. சில இலை அகலமாக இருக்கும், சில ஐவிரலிபோலவே பிளந்திருக்கும். இலையைவிட நம்பகமானது, கொடி பற்றி ஏறுவதற்கு விடும் சுருள் கம்பி. பாடப்புத்தகத்தில் தந்து என்பார்கள். கொவ்வையில் அது ஒற்றைக் கம்பியாக ஓடிச் சுருளும். ஐவிரலியில் பாம்பின் நாக்குப்போல இரண்டாகப் பிரியும். பூவும் காயும் இல்லாத காலத்திலும் இது பொய் சொல்லாது. சுருண்டு முறுகிய பழைய கம்பியில் பிரிவு தெரியாமல் போகலாம், ஆகவே நுனிப்பக்கத்தில் புதிதாக நீளும் கம்பியைப் பாருங்கள்.

வேலியில் இவை இரண்டும்தான் இருக்கும் என்றும் இல்லை. காய் ஒரு பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, இலை தொட்டால் சொரசொரவென்று இருந்தால் அது மொசுமொசுக்கை. இலைக்கஞ்சிக்குப் போடுகிறோமே, அதேதான். தோல் முள்ளுமுள்ளாக, செம்மஞ்சள் நிறத்தில் தானே வெடித்துச் சிவப்புச் சதை காட்டினால் குருவித்தலைப் பாகல். வலைபோட்ட பஞ்சுக்குள் மஞ்சள் பழம் ஒளிந்திருந்தால் காட்டுக் கொடித்தோடை. அதன் பழுத்த பழம் இனிக்கும், பச்சைக் காய் ஆகாது. இவற்றுக்கெல்லாம் நான் பயப்படுவதில்லை. இத்தனை வருடத்தில் பிள்ளைகள் கையில் கண்டு நெஞ்சு திடுக்கிட்டது குண்டுமணி ஒன்றுக்குத்தான். காய்ந்து வெடித்த நெற்றுக்குள் சிவப்பும் கறுப்புமாக மினுங்கும் அந்த விதையைக் கடித்து அரைத்து விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. துப்புரவாக்கும்போது அந்த வளவில் அது கண்ணில் பட்டால் பிள்ளை பொறுக்குவதற்கு முன் நீங்கள் பொறுக்கிவிடுங்கள்.

இப்போது ஐவிரலிப் பழத்தின் நஞ்சைப் பற்றி. அவுஸ்திரேலியாவில் இந்தக் கொடி இயற்கையாகவே வளர்கிறது, அங்கே பழத்தை நச்சுப்பழம் என்றே எச்சரிக்கிறார்கள். இந்தக் குடும்பத்துக் காட்டுக் கொடிகளில் குக்கர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருட்கள் இருக்கின்றன. நாம் தோட்டத்தில் வளர்க்கும் வெள்ளரியும் சுரையும் அந்தக் கசப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து கழித்து எடுத்தவை. எப்போதாவது அது திரும்பி வரும். 2010இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் இறந்துபோனார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தது. வீட்டுச் சுரைக்கே அப்படியென்றால் காட்டுக் கொடியின் கசப்பை இலேசாக எடுக்க முடியாது. அவித்தாலும் அது போகாது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றைக் கடித்துத் துப்பிய பிள்ளையையும், ஒரு குவளை சாற்றை முழுக்கக் குடித்த பெரியவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. உங்கள் மகன் கசப்புக் கண்டு துப்பினான், நாக்கு தன் வேலையைச் செய்தது.

கசப்பு என்றால் நஞ்சு, இனிப்பு என்றால் சாப்பாடு என்று எடுத்துவிடவும் வேண்டாம். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் தேடி முள்ளுப் பத்தைக்குள் கை கிழிபடுகிற ஊர் நம்முடையது. பாகற்காய்க் கறிக்கும் வேப்பம்பூ வடகத்துக்கும் வாயூறுகிறவர்கள் நாங்கள். அவை கசப்பு என்று தெரிந்தே, பரம்பரையாகச் சமைத்துப் பழகியவை. கசக்கக் கூடாத இடத்தில் கசந்தால்தான் நிறுத்த வேண்டும். அதேபோல, "குருவி தின்னுது, அப்ப மனிசருக்கும் ஒன்றும் செய்யாது" என்று யாராவது சொன்னால் மஞ்சள் அலரியைக் காட்டுங்கள். அதன் பழத்தைக் குயில் விழுங்கும், ஒன்றும் ஆகாது. அதே பழத்தின் விதை மனிதருடைய இதயத்தைப் பிடித்துவிடும்.

இன்னொன்று. சிவலிங்கி விதை என்று தேடினால், பிள்ளைப்பேற்றுக்கு நல்லது என்று பொடியாக்கி விற்கும் கடைகள் வரிசையாக வரும். அது வட இந்தியாவின் பழைய நம்பிக்கை. பல பொட்டலங்களில் பிரயோனியா லாசினியோசா என்ற பழைய பெயர் அச்சிட்டிருக்கும். 1962இல்தான் இதற்கு இப்போதைய பெயர் வந்தது. அந்த விளம்பரத்தைப் பார்த்து, "எங்கள் வேலியில் இருக்கே" என்று யாரும் விதையை எடுத்து இடிக்க வேண்டாம். வைத்தியத்தில் விதை சேர்க்கிறவர்கள் அளவும் பக்குவமும் படித்தவர்கள். வேலியோரத்தில் நின்று அதைச் சொல்ல முடியாது.

கொவ்வையைப் பற்றிச் சொல்வதானால் நல்லதுதான் கூட. பழுத்துச் சிவந்த கொவ்வைப்பழம் சாப்பிடக்கூடியது. வாயின் சிவப்புக்கு நம் பழைய பாட்டுகள் உவமை தேடிப்போனது இந்தப் பழத்திடம்தான். ருசி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, கொழகொழவென்று இலேசான இனிப்பு. சின்ன வயதில் வேலியில் இருந்து களவாகப் பிடுங்கியதால் வந்த ருசி அது என்றே நினைக்கிறேன். உங்கள் அம்மா கோபிக்க மாட்டா. இலையைக் கிள்ளித் தேங்காய்ப்பூவோடு வறை வறுக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர் இதை விரும்பி உண்பார்கள், ஆனால் மருந்து எடுப்பவர்கள் இதை நம்பி மருந்தை விட்டுவிடக் கூடாது.

வேலியை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டையும் வேரோடு பிடுங்கி எறிய வேண்டியதில்லை. இப்போது மாசி, மாரியில் தளிர்த்த கொடிகள் எல்லாம் பழம் விட்டுவிட்டு வாடத் தொடங்கும் நேரம். இன்னும் ஒரு மாதத்தில் ஐவிரலியின் இலை உதிர்ந்து, காய்ந்த கொடியில் பழம் மட்டும் சின்ன விளக்குப்போலத் தொங்கும். அப்போது பிள்ளைகளின் கண்ணை இன்னும் இழுக்கும். மகன் அங்கே விளையாடுவதென்றால் பழங்களை மட்டும் இப்போதே கையுறை போட்டுப் பிடுங்கிக் கிடங்கு வெட்டிப் புதைத்துவிடுங்கள். கொடி எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்த்துக் கிளுவங்கதியாலில் ஒரு கோடு கீறி வையுங்கள், அடுத்த மாரிக்கு அதே இடத்தில் முளைக்கும்.

நான் எழுதியதில் உறுதி செய்ய வேண்டியது ஒன்றுதான் மிச்சம், பச்சைக் காய் எதனுடையது என்பது. நாளைக் காலை வெயில் ஏற முன் போய், அந்த வெள்ளைப் பூவை முதலில் பிடியுங்கள். பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பச்சைக் காய் ஒன்றில் விரலை வைத்துக் காம்பு, கணு, கம்பி என்று போங்கள். கம்பி ஒற்றையா, இரட்டையா என்று கிட்ட வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் பிள்ளை. ஒற்றைக் கம்பிக் கொடியில் காய் இருந்தால் அதில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டு, அந்தப் படத்தை அம்மாவுக்கும் அனுப்புங்கள். அவ சொன்ன கொவ்வை அதுதான்.